உடன்படிக்கை ஞாயிறு

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் தமிழ்ச் சபைகளில், புத்தாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை உடன்படிக்கை ஆராதனை என்னும் வழிபாடு நடைபெறுவது வழக்கம். பெங்களூரில் நெடுங்காலமாய் வாழ்ந்துவரும் தமிழன்பர்கள் எங்கள் கிறிஸ்துமஸ் பவனியை அறிவர். செப்டம்பர் 8 ஆம் நாள் சிவாஜிநகர்ச் சாலைகளில் மரியன்னையின் தேர் வரும்போது சமயம் பாராமல் ஓரம் நின்று கைகூப்பியும் இருப்பர். உடன்படிக்கை ஞாயிறோ அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதற்குத் தேரில்லை, விளக்கலங்காரமில்லை, தெருவில் கேட்கும்படியான பாட்டுமில்லை. ஆலயத்தினுள் சில நூறு பேர் எழுந்து நின்று ஒரு வாக்கைச் சொல்லி அமர்வதோடு அது முடிந்துவிடும். “நீங்கள் ஆண்டுதோறும் கடவுளோடு பத்திரம் எழுதிக்கொள்கிறீர்களாமே!” என்று சங்கத்து நண்பர்கள் எங்களை வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அந்த வேடிக்கைக்கு ஓரளவு விரிவாகவே விடை சொல்லலாம் என்று இம்மலரின் பக்கங்களை எடுத்துக்கொள்கிறோம்.

பத்திரம் என்றால் என்னவென்று பெங்களூர்த் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்தின் பெட்டியிலும் வாடகை ஒப்பந்தங்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். ஓராண்டாகிவிட்டால் பதிவு செய்ய வேண்டும் என்பதனால் பதினொரு மாதத்திற்கு எழுதப்பட்டவை அவை. பத்து மாத வாடகையை முன்பணமாய்க் கொடுத்ததும், காலி செய்யும்போது வெள்ளையடித்த கூலியென்று அதில் ஒரு பகுதி கழிக்கப்பட்டதும் நம்மில் யாருக்குத்தான் தெரியாது! போக்கியத்திற்குக் குடியிருந்தவர்களின் அனுபவம் இன்னும் ஒரு படி மேல். இவ்வொப்பந்தங்களிலெல்லாம் இரு திறத்தாரும் தத்தம் நலத்தைக் காத்துக்கொள்ளவே கையெழுத்திடுகின்றனர். ஒருவர் தவறினால் மற்றவர்க்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. திருமறை கூறும் உடன்படிக்கை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதில் ஒரு திறத்தார் தவறிய பின்னரும் மறு திறத்தார் விலகிச் செல்வதில்லை. பழைய ஏற்பாட்டு வரலாறு முழுவதும் அப்படித் தவறிய மக்களின் வரலாறே எனலாம். சீனாய் மலையடியில் எல்லாவற்றையும் கைக்கொள்வோம் என்று ஒரே குரலாய்ச் சொன்னவர்கள், சில அதிகாரங்கள் கழியுமுன் பொற்கன்றுக்கு முன்னே ஆடிக்கொண்டிருந்தனர். எனினும் உடன்படிக்கை முறியவில்லை. உடைந்த கற்பலகைகளுக்குப் பதிலாக வேறு பலகைகள் வெட்டப்பட்டன.

‘ஏற்பாடு’ என்ற சொல்லையும் ‘உடன்படிக்கை’ என்ற சொல்லையும் தமிழ்த் திருமறை இருவேறாக வழங்கினும், புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். 1715 இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த நாள்முதல் இச்சொற்கள் நம் மொழியில் புழங்கிப் பழகிவிட்டன. உடன்படுதல் என்னும்போது எங்கள் நினைவுக்கு வருவது பள்ளியில் படித்த நன்னூல். இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து நிற்க நேர்ந்தால் அவை தாமாக ஒட்டுவதில்லை. யகரமோ வகரமோ இடையில் வந்து நின்று இரண்டையும் பொருத்திவைக்கிறது. அதற்கு உடம்படுமெய் என்று பெயர். உயிரும் உயிரும் சேர்வதற்கு ஒரு மெய் நடுவே வரவேண்டியிருக்கிறது என்பதில், வார்த்தை மாம்சமானார் என்று நம்புகிற எங்களுக்கு ஒரு தனி இன்பம் உண்டு. இலக்கண ஆசிரியர் இதனைக் கருதியிருக்கமாட்டார். அது எங்களுக்கும் தெரியும்.

பத்திரமில்லாத உடன்படிக்கை தமிழர்க்குப் புதியதுமன்று. உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருக்கத் துணிந்தபோது, ஆந்தையாருக்கும் ஓரிடம் ஒதுக்கிவையுங்கள் என்றான். சூழ இருந்தோர் ஐயுற்றனர். அவரோ வந்து சேர்ந்தார். அங்கே ஒருவர் வரும்வரை மற்றவர் இடம் வைத்திருந்தார் என்பதே எங்களுக்கு முதன்மையாகப் படுகிறது. எங்கள் திருவிருந்துப் பந்தியையும் நாங்கள் அவ்வாறே எண்ணுகிறோம்.

இனி அந்த வழிபாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்பார் 1755 ஆகஸ்ட் 11 ஆம் நாள் லண்டன் நகரில் தம் மக்களைக் கூட்டி இதனை முதன்முதலாக முறைப்படி நடத்தினார். அவர் எடுத்தாண்ட வாசகம் அவருக்கு முன்னரே ரிச்சர்ட் அலெயின் என்னும் தூய்மைவாதப் போதகர் 1663 இல் வெளியிட்ட நூலில் இருந்தது. இந்த அலெயின் மனச்சாட்சியின் பொருட்டுத் தம் போதகப் பதவியை இழந்தவர். வாக்கின் விலையை அறிந்த ஒருவர் எழுதிய வாக்கு அது என்பதனால் இதைச் சொல்கிறோம். வெஸ்லியின் வழிவந்த மிஷனெரிகள் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். 1947 செப்டம்பர் 27 ஆம் நாள் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியன் வீட்டுச் சொத்தாயிருந்த இவ்வழிபாடு எல்லாருடைய சொத்துமாயிற்று.

அந்த ஒருமைப்பாட்டின் அருமை பெங்களூரில் சற்று அதிகமாகவே தெரியும். 1809 இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது, பட்டாளத்தோடு தமிழர் வந்தனர். சிப்பாய்கள், சமையற்காரர், தச்சர், சலவைக்காரர், எழுத்தர், கடைக்காரர் எனப் பலதிறத்தார் வந்தனர். 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வந்த பின் வரவு பெருகிற்று. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் மேலும் பலரைக் கொணர்ந்து சேர்த்தது. இவர்களுக்கிடையே லண்டன் மிஷன் 1820 இல் பணி தொடங்கியது. வெஸ்லியன் மிஷனும் எஸ்.பி.ஜி. சங்கமும் அதன்பின் வந்தன. ஆகவே தண்டுப் பகுதியின் ஒரே தெருவில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூன்று கோயில்களுக்குப் போயினர். ஒருவர்க்கு அத்தியட்சர் உண்டு, மற்றொருவர்க்குக் கிடையாது. ஒருவர் முழங்காலில் நின்று அப்பமும் ரசமும் பெற்றார், மற்றவர் இருக்கையில் அமர்ந்தபடி பெற்றார். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே பந்தியில் திருவிருந்து உட்கொள்ள இயலாத நிலை அது. அந்நிய நாட்டுச் சண்டைகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று 1919 இல் தரங்கம்பாடியில் கூடிக் கேட்டவர்களுள் முதன்மையானவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அத்தியட்சர் அசரியா. அவர் 1945 புத்தாண்டு நாளில் மறைந்தார். திருச்சபை ஒன்றானதைக் காணவில்லை. சீகன்பால்கு இறங்கிய கடற்கரையிலிருந்து ஒரு தமிழரின் முன்னிலையில் அந்தக் கேள்வி எழுந்தது என்பது நமக்குப் பெருமையே.

வழிபாட்டில் நடைபெறுவது இதுதான். உடன்படிக்கையின் வரலாறு வாசிக்கப்படுகிறது. ஆயர் அதன் கடமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பிறகு சபையார் எழுந்து, இனித் தாங்கள் தங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்று அறிக்கையிடுகின்றனர். நிறைவும் குறைவும் எதுவரினும் ஏற்போம் என்கின்றனர். இவ்வளவும் எந்தப் பக்தனும் சொல்லக்கூடியதே. கடினமானது வேறொன்று. கடவுள் தங்களுக்கு வேலை கொடுத்தாலும் சரி, வேலையின்றி ஒதுக்கிவைத்தாலும் சரி, இசைவோம் என்ற கருத்தும் அதில் அடங்கியிருக்கிறது. வெஸ்லியின் லண்டனில் அதற்கு என்ன பொருளிருந்ததோ அறியோம். பெங்களூர்த் தமிழனுக்கு அது நேரே நெஞ்சில் பாய்வது. இங்கு நம் குலதெய்வம் வேலையல்லவா! வேலைக்காக ஊரை விட்டோம், வயலை விட்டோம், பெற்றோரைத் திண்ணையில் விட்டுவந்தோம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. என்ற எழுத்துகள் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் பெயர்களைப் போலவே அன்போடு உச்சரிக்கப்பட்டன.

1980 டிசம்பர் இறுதியில் இந்நகரின் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. 77 நாட்கள் அது நீடித்தது. அது தொடங்கிச் சில நாட்களிலேயே, 1981 ஜனவரி 4 ஆம் நாள், உடன்படிக்கை ஞாயிறு வந்தது. சபையில் பாதிப்பேருக்குச் சம்பளமில்லை; எப்போது வருமென்றும் தெரியாது. குறிப்பிட்ட அந்த வாக்கு வந்தபோது, முன்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் வாயை மூடிக்கொண்டார். பட்டறையில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன். மற்றெல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவந்தவர் அங்கே மட்டும் நிறுத்தியதை அருகிலிருந்த அனைவரும் கவனித்தோம். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது ஆயர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “அண்ணாச்சி, இந்த வருஷம் உங்களுக்கும் சேர்த்து நாங்க சொல்லிட்டோம்” என்று மட்டும் சொன்னார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

இறையியல் நூல்கள் பல இவ்வுடன்படிக்கையை விளக்கியுள்ளன. எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் விளக்கியதைப்போல் எதுவும் விளக்கவில்லை. ஒருவன் தனித்து நின்று கடவுளோடு செய்துகொள்வதாயின், சொல்ல முடியாத நாளில் அவன் கதி என்ன? உடன்படிக்கை ஓர் ஆளோடு செய்யப்பட்டதன்று, ஒரு மக்களோடு செய்யப்பட்டது. ஆகையால் ஒருவன் வாயடைத்து நிற்கும்போது மற்றவர்கள் அவனையும் சேர்த்து ‘நாங்கள்’ என்று சொல்ல இயலுகிறது. தமிழ் மொழிக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலேயன் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதை நாம் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரித்துச் சொல்கிறோம். கடவுளை நோக்கி ‘எங்கள்’ என்று வேண்டுகிற ஒவ்வொரு முறையும், அந்த ‘எங்கள்’ என்பதில் யார் யார் அடங்குவர் என்று ஒரு கோடு கிழிக்கிறோம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே உடன்படிக்கை உண்மையா பொய்யா என்பது தெரியவரும்.

அந்தப் பதினொரு வாரங்களில் கோடு சரியாகவே விழுந்தது. எங்கள் தாய்மார்களிடம் பிடியரிசி என்னும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருவர். வழக்கமாய் அது ஏலம் விடப்பட்டுக் காணிக்கைக் கணக்கில் சேரும். அந்த ஆண்டு ஏலம் விடப்படவில்லை. இருட்டிய பிறகு அரிசி எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று என்று கேட்கக்கூடாது என்பது பெண்கள் சங்கத்தின் எழுதாச் சட்டம். இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

பின்னாளிலும் அந்த வாக்கு வலிமையோடு திரும்பி வந்தது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880 முதல் நான்கைந்து தலைமுறைத் தமிழரை மண்ணுக்குள் இறக்கிய சுரங்கங்கள் அவை. அங்கிருந்த எங்கள் உறவினர் பலர் மாரிகுப்பத்தில் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடி வந்துபோகலாயினர். எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பு 2016 இல் முடிவுக்கு வந்தது. பின்னர்க் கணினித் துறையில் இளைஞர்கள் ஒரே மாலையில் வேலையிழந்து வீடு திரும்புவதையும் கண்டோம். ஒதுக்கிவைக்கப்படுதல் என்பது பழைய தலைமுறையின் சொல்லாகப் போய்விடவில்லை.

ஆனால் கோடு எப்போதும் சரியாக விழுந்தது என்று சொல்வோமாயின் அது பொய். உபாகமத்தில் மோசே உடன்படிக்கைக்காக மக்களை நிறுத்துகிறபோது, தலைவரும் மூப்பரும் மட்டும் அங்கே நிற்கவில்லை. பெண்களும் குழந்தைகளும், பாளயத்திலிருந்த அந்நியனும், விறகு வெட்டுகிறவனும், தண்ணீர் மொள்ளுகிறவனும் நிற்கிறார்கள். அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், தமிழ்த் திருச்சபையில் சாதி இருநூறு ஆண்டுகளாகப் பிடிவாதமாய்க் குடியிருந்து வருகிறது. 1833 இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதென்று கடிதம் எழுதியபோது, தஞ்சையிலும் சென்னையிலும் கோயிலையே விட்டு வெளியேறியவர்கள் உண்டு. நாங்கள் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளின் ஆசிரியர் வேதநாயகம் சாஸ்திரியாரே அவ்வேறுபாட்டைக் காக்கும் அணியில் நின்றார். பாட்டின் இனிமை பாடினவரின் பிழையை மறைத்துவிடக்கூடாது. அதற்காகப் பாட்டை விட்டுவிடவும் எங்களால் இயலாது.

புலம்பெயர்ந்த ஊரில் இது கரைந்துவிடும் என்று முன்னோர் எதிர்பார்த்தனர். ஓரளவு கரைந்தது. நெல்லைக்காரரும் வடஆற்காட்டுக்காரரும் தஞ்சாவூராரும் ஒரே இருக்கையில் அமர்ந்தனர், ஒரே பாத்திரத்தில் பருகினர், ஒருவர் வீட்டு இழவுக்கு மற்றவர் தோள் கொடுத்தனர். திருமணம் என்று வந்துவிட்டாலோ, ஊரைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்கும் கலை இன்னும் நம்மிடம் செழித்திருக்கிறது. “உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?” என்ற வினாவின் உட்கிடை என்னவென்று கேட்பவரும் அறிவார், விடை சொல்பவரும் அறிவார். ஜனவரி ஞாயிறன்று எங்களை முழுவதும் ஒப்புக்கொடுத்தோம் என்று சொல்லிவிட்டு, பெண்ணின் ஜாதகத்துக்குப் பதிலாய்ப் பூர்வீகத்தைப் பார்ப்பது உடன்படிக்கைக்குள் வைத்துக்கொண்ட இரகசியப் பிரிவன்றி வேறென்ன? இதனைப் பிரசங்க பீடத்திலிருந்து பெயர்சொல்லிக் கண்டிக்கிற ஆயர்கள் சிலரே. கண்டித்தவர்களை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம்.

வெளியே இருந்தும் ஒரு சோதனை வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதையடுத்து, 1991 டிசம்பர் 12, 13 ஆம் நாட்களில் இந்நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதை இம்மலரைப் படிப்போர் மறந்திருக்கமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இருவாரமே இருந்தது. அந்த ஆண்டு எங்கள் பகுதியில் இரவுப் பவனி நடைபெறவில்லை. தமிழில் பாடிக்கொண்டு தெருவில் நடக்கும் துணிவு யாருக்கும் இல்லை. வாசலில் நட்சத்திர விளக்கைக் கூடப் பலர் ஏற்றவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டுப் பின்னறையில் படுக்கவைத்து, முன்வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் எதிர்வீட்டுக் கன்னடக்காரர். அவருக்கு எங்கள் திருமறையும் தெரியாது, எங்கள் உடன்படிக்கையும் தெரியாது. “நம்ம மனெ மக்களு” என்றார்; அவ்வளவே.

மூன்று வாரங்கழித்து வந்த உடன்படிக்கை ஞாயிறில் எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தார்கள். குடிபெயர்ந்து வந்த நகரத்திலே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக வேண்டுதல் செய்யுங்கள் என்னும் பொருளமைந்த கடிதம் அது. புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறவரும் இந்த எரேமியாவே. நகரத்தின்மேல் சினமும் அச்சமும் கொண்டிருந்த நாங்கள் அந்த நகரத்துக்காக வேண்டுதல் செய்ய எழுந்து நின்றோம். அன்று சிலர் அழுதனர். அல்சூர் ஏரிக்கருகே அதே 1991 இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டாண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்ட் 9 ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னையில் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அரசுகள் செய்துகொண்டதை ஒப்பந்தம் என்போம். நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் செய்ததற்கு வேறு பெயர் வேண்டும்.

இப்போது எங்கள் சபைகளில் எழுந்துள்ள வினா மொழியைப் பற்றியது. பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர், படிப்பதில்லை. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கற்கின்றனர். உடன்படிக்கையின் வாசகத்தைத் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழாகக் காட்டினால் அவர்கள் தடுமாறாமல் சொல்லிவிடுகின்றனர். ‘சமர்ப்பிக்கிறோம்’ என்றால் என்னவென்று கேட்டால் விழிக்கின்றனர். பொருளறியாமல் கொடுத்த வாக்கு வாக்காகுமா என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் கேட்டனர். ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்றது ஒரு சாரார். அப்படியானால் அவர்கள் ஆங்கில ஆராதனைக்கே போய்விடுவார்கள், பாட்டியின் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்றது மற்றொரு சாரார். இரண்டு மாதங்கள் சபைச் சங்கத்தில் வழக்கு நடந்தது. எங்கள் கட்சி இரண்டாவது. பாட்டியும் பேரனும் வெவ்வேறு வேளையில் வெவ்வேறு மொழியில் வாக்குக் கொடுத்தால் அந்த ‘நாங்கள்’ இரண்டாகிவிடும் என்பதே எங்கள் வாதம்.

இறுதியில் ஆசிரியைகளே வழி கண்டனர். டிசம்பர் மாத ஞாயிறுகள் நான்கிலும் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, வாசகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் வழங்கும் சொல்லை அவர்களையே கண்டுபிடிக்கச் செய்தனர். ‘ஒதுக்கிவைத்தல்’ என்பதற்கு ஒரு சிறுவன், கிரிக்கெட்டில் அணியில் இருந்தும் ஆட அழைக்காமல் உட்காரவைப்பது என்றானாம். அதைவிடத் தெளிவாய் எந்த ஆயரும் விளக்கியதில்லை. கடந்த ஜனவரியில் பிள்ளைகள் தத்தம் பாட்டி தாத்தாவின் அருகில் நின்று தமிழிலேயே சொன்னார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் படிகள் கண் மங்கிய முதியோருக்காகவும், ஆங்கில எழுத்துப் படிகள் சிறுவருக்காகவும் வைக்கப்பட்டிருந்தன. முதியோரின் படிகள் நிறைய மிஞ்சின, சிறுவருக்கானவை போதவில்லை. அடுத்த ஆண்டுக்கு எதில் எத்தனை அச்சிடுவது என்று செயலாளர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.